அறிவியல் படிக்க ஆசைப்படும் மகளுக்கு எந்த வழி? உள்ளூர்க் கல்லூரி முதல் வெளியூர் விடுதி வரை ஓர் ஒப்பீடு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே எங்கள் பக்கத்து ஊர்களில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் என்று கடற்கரை முஸ்லிம் ஊர் எதை எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். மகள் கணிதத்திலும் இயற்பியலிலும் நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பாள். வாப்பா வளைகுடாவிலிருந்து போனில் இருப்பார். உம்மா, "பக்கத்துலயே லேடீஸ் காலேஜ் இருக்கே" என்பார். மாமா ஒருவர், "பொம்பளப் புள்ளைக்கு இன்ஜினியரிங் எதுக்கு? பி.காம். போட்டு விடுங்க" என்பார். மகளிடம் யாராவது கேட்டால், அது கடைசியாகத்தான் இருக்கும்.

கவுன்சலிங் விண்ணப்பம் நிரப்ப உதவி கேட்டு வரும் குடும்பங்களோடு பல வருடங்களாக உட்கார்ந்து பேசி வருகிறேன். இந்தக் கட்டுரை அவர்களுக்காக எழுதியது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறிவியலில் ஆசையும் மதிப்பெண்ணும் உள்ள பெண்ணுக்கு, "கல்லூரி வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்?" என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். அதைக் கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை, மூன்றாவதாகக் கேளுங்கள். முதல் கேள்வி, இந்தப் படிப்பை முடித்தால் அடுத்து எங்கெல்லாம் போக முடியும் என்பது. இரண்டாவது, செலவு யார் கையிலிருந்து எவ்வளவு என்பது.

உண்மையில் முடிவு பிளஸ் டூவில் எடுக்கப்படுவதில்லை. பத்தாம் வகுப்பு முடித்து குரூப் எடுக்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. கணிதம், உயிரியல் இரண்டும் உள்ள குரூப் எடுத்தவளுக்கு மருத்துவமும் திறந்திருக்கும், பொறியியலும் திறந்திருக்கும். கணிதம் இல்லாத குரூப் எடுத்தால் பொறியியலின் பெரும்பகுதி போய்விடும். "கணக்கு கஷ்டம், பொண்ணு திணறுவா" என்று சொல்லி வணிகவியலில் சேர்த்தால், இரண்டு வருடம் கழித்து அவள் மனம் மாறினாலும் வழக்கமான வாசல்கள் திறக்காது. வீட்டில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பெண் இருந்தால் இந்தக் கட்டுரையை இப்போதே படித்து வையுங்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

உள்ளூர் மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி.

இந்த வழியைக் குறைத்துப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நீதிபதி பஷீர் அகமது சயீத் 1955இல் சென்னையில் தொடங்கிய மகளிர் கல்லூரியை இன்னும் பலர் எஸ்.ஐ.இ.டி. என்றுதான் சொல்கிறார்கள். கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி 1988இல் வந்தது. இப்படிப்பட்ட கல்லூரிகள் வந்த பிறகுதான் எங்கள் பகுதியில் பல வீடுகளில் முதல் பெண் பட்டதாரி உருவானாள். வெளியூர் அனுப்ப மனம் வராத வாப்பாக்கள் கூட உள்ளூரில் முஸ்லிம்கள் நடத்தும் மகளிர் கல்லூரி என்றதும் சம்மதித்தார்கள். அந்தச் சம்மதம் ஒரு தலைமுறையையே மாற்றியது.

ஆனால் பிரச்சினை, பி.எஸ்சி.யைக் கல்யாணம் கூடிவரும் வரை உட்காரும் இடமாகப் பயன்படுத்துவது. மூன்று வருடம் முடியும், சம்பந்தம் பேசி முடிப்பார்கள், இயற்பியல் புத்தகம் பரணுக்குப் போகும். இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த படியையும் அன்றைக்கே தேர்ந்தெடுக்க வேண்டும். கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றில் பட்டம் பெறுபவள் 'ஜாம்' என்னும் நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடிகளில் இரண்டு வருட எம்.எஸ்சி. சேரலாம். பிளஸ் டூவில் கணிதம் படித்திருந்தால், பி.எஸ்சி. முடித்து நேரடியாகப் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு. எம்.சி.ஏ. போகலாம். பி.எட். படித்து அறிவியல் ஆசிரியராகலாம். அதையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஊர்ப் பெண்கள் பள்ளியில் இயற்பியலைப் பிடித்துப்போகும்படி நடத்தும் ஓர் ஆசிரியை இருந்தால் போதும், அந்தப் பள்ளியிலிருந்து வருடா வருடம் பெண்கள் அறிவியலுக்கு வருவார்கள்.

சேர்க்கும் முன் கல்லூரியில் ஒரு காரியம் செய்யுங்கள். அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கிவிட்டுத் திரும்பாமல், ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். மேசைகளில் தூசி படிந்திருக்கிறதா, கருவிகள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றனவா, மாணவிகளின் கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடந்த வருடம் இந்தத் துறையிலிருந்து எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். பெயரோடு பதில் வந்தால் நல்ல துறை.

அரசுக் கல்லூரியில் பி.இ., விடுதியில் தங்கி

மதிப்பெண் இருந்தால் நான் முதலில் சொல்வது இதைத்தான். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். கோச்சிங் சென்டர் இல்லாத ஊர்ப் பெண்ணுக்கு இது பெரிய சாதகம்.

2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு மாநிலத்தில் 3.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. இதில் ஒரு நுணுக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. சாதிச் சான்றிதழில் வெறுமனே முஸ்லிம் என்று இருந்தால் போதாது. லெப்பை, தக்னி, மாப்பிள்ளா, ஷேக், சையத், அன்சர், தூதேகுலா என்று பட்டியலில் உள்ள ஏழு பிரிவுகளில் ஒன்று இருக்க வேண்டும். ராவுத்தரும் மரைக்காயரும் லெப்பையில் அடக்கம். வாப்பாவின் சான்றிதழில் ஒன்று, மகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழில் வேறொன்று என்று இருந்து, கலந்தாய்வு நெருங்கும் நேரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

தூரத்தைப் பற்றிப் பேசும்போது இஸ்ரோ விஞ்ஞானி நிகர் ஷாஜியின் பாதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. செங்கோட்டையில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் படித்தார். மேற்படிப்புக்கு ராஞ்சி அருகே மேஸ்ராவில் உள்ள பிர்லா தொழில்நுட்பக் கழகம் வரை போனார். 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தார். சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2 அன்று விண்ணில் ஏவப்பட்ட ஆதித்யா எல்1 திட்டத்துக்கு அவர்தான் திட்ட இயக்குநர். அந்த விண்கலம் 2024 ஜனவரி 6 அன்று, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் தன் சுற்றுப்பாதையை அடைந்தது. அந்தத் திட்டத்தை நடத்தியவர் படித்தது ஒரு மாவட்டத் தலைநகரின் அரசுக் கல்லூரியில். செல்போன் இல்லாத காலத்தில், ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண் ராஞ்சி வரை போய்ப் படித்திருக்கிறார். இன்றைக்கு மதுரையும் காரைக்குடியும் நமக்கு ஏன் தூரமாகத் தெரிகின்றன?

இதே பி.இ.க்கு இன்னொரு வடிவம் உண்டு. வீட்டு வாசலுக்கே வேன் வரும் தனியார் கல்லூரியில், நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ப்பது. தூர அரசுக் கல்லூரி கிடைக்கும் மதிப்பெண் இருந்தும், வேனுக்காக இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் நிறைய. நான் இதை ஏற்கவில்லை. தனியார் கல்லூரி எல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை, நன்றாக நடத்தும் கல்லூரிகளும் உண்டு. ஆனால் நான்கு வருடக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தால், அரசுக் கல்லூரிக் கட்டணமும் விடுதிச் செலவும் சேர்ந்தாலும் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கல்லூரியின் பெயரைப் பார்த்து வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்களும் மாறும். அதிகம் செலவழித்து, குறைவாக வாங்குவது எதற்கு?

பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக்

எங்கள் சமூகத்தில் பெண் பிள்ளைகளுக்கு யாரும் யோசிக்காத வழி இது. அதனால்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பத்தாவது முடித்து மூன்று வருடம் டிப்ளமோ. பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்தால் இன்னும் மூன்று வருடம். மொத்தம் ஆறு. பிளஸ் டூ இரண்டும் பி.இ. நான்கும் சேர்த்தாலும் அதே ஆறுதான். வருடக் கணக்கில் நஷ்டம் எதுவும் இல்லை. லாபம் என்னவென்றால், பதினெட்டு பத்தொன்பது வயதில் கையில் ஒரு தொழில் தகுதி இருக்கும். பதினெட்டு என்பது நம் வீடுகளில் எந்த வயது என்று உங்களுக்கே தெரியும். சம்பந்தம் பேச ஆரம்பிக்கும்போது பிளஸ் டூ மட்டும் முடித்த பெண் வெறுங்கையோடு நிற்கிறாள். டிப்ளமோ முடித்தவளிடம் வேலைக்குப் போகக்கூடிய சான்றிதழ் இருக்கிறது. நடுவில் ஒரு வருடம் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பெண்களுக்கு மட்டுமே என்று அரசு பாலிடெக்னிக்குகள் சென்னை தரமணியிலும், கோவையிலும், மதுரையிலும் இருக்கின்றன. ஆண்களோடு சேர்ந்து படிக்க வேண்டும் என்பதுதான் தயக்கமென்றால் அந்தத் தயக்கத்துக்கும் இங்கே இடமில்லை. குறை என்று பார்த்தால், டிப்ளமோ முடித்துப் பி.இ. போகும்போது கணிதத்தில் திணறுவார்கள். பிளஸ் டூ பாடத்தில் வரும் வகைநுண்கணிதமும் தொகைநுண்கணிதமும் டிப்ளமோவில் அந்த ஆழத்தில் வராது. அதற்குத் தனியாக உழைக்கத்தான் வேண்டும். விஞ்ஞானியாக, ஆராய்ச்சியாளராக வர வேண்டும் என்று இப்போதே சொல்லும் பெண்ணுக்கு நான் பிளஸ் டூவைத்தான் சொல்வேன். கருவிகளைக் கழற்றிப் பூட்டுவதில் ஆர்வம் உள்ளவளுக்கும், பிளஸ் டூவுக்கு மேல் வீட்டில் விடுவார்களோ என்று பயப்படுபவளுக்கும் பாலிடெக்னிக்தான்.

வீட்டிலிருந்தே சென்னை ஐஐடி

சென்னை ஐஐடியின் டேட்டா சயன்ஸ் பி.எஸ். பட்டப்படிப்பு 2021இல் வகுப்புகளைத் தொடங்கியது. ஐஐடிகளுக்கான நுழைவுத் தேர்வான ஜேஇஇ தேவையில்லை. பிளஸ் டூவில் எந்த குரூப் என்பதும் பிரச்சினை இல்லை, பத்தாவதில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். நான்கு வாரப் பாடங்களைப் படித்து ஒரு தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். பாடங்கள் இணையத்தில் வரும், தேர்வுகளை மட்டும் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். நடுவில் நிறுத்தினாலும் அதுவரை படித்ததற்கு ஏற்பச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. மின்னணுவியலிலும் இதே மாதிரி ஒரு பட்டப்படிப்பு பிறகு வந்தது.

பத்தாவதுக்குப் பிறகு தவறான குரூப்பில் சேர்க்கப்பட்டவர்களுக்கும், கல்யாணமாகிக் குழந்தையோடு இருப்பவர்களுக்கும் இது பெரிய வாசல். ஆனால் "வீட்டிலேயே இருந்து படிக்கலாமே" என்பதற்காக மட்டும், பதினேழு வயதுப் பெண்ணைக் கல்லூரிக்கே அனுப்பாமல் இதில் உட்கார வைப்பதை நான் விரும்பவில்லை. பாடம் கடினம். வாரா வாரம் வேலை முடித்துக் கொடுக்க வேண்டும். சந்தேகம் கேட்கப் பக்கத்தில் தோழி இருக்க மாட்டாள். அடுப்படியில் ஆள் தேவைப்படும்போதெல்லாம் "நீ சும்மாதானே இருக்கே" என்று கூப்பிடுவார்கள். உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டே இதையும் சேர்த்துப் படிப்பதுதான் இதற்கு நல்ல பயன்பாடு. கடலோர ஊர்ப் பெண்ணுக்கு இவ்வளவு மலிவாக இவ்வளவு உயர்ந்த படிப்பு முன்பு ஒருபோதும் கிடைத்ததில்லை.

மருத்துவமும் ஆலிமா படிப்பும்

மருத்துவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நம் வீடுகளில் அதற்கு எதிர்ப்பே கிடையாது. "நம்ம பொம்பளைங்களுக்குப் பொம்பள டாக்டர் வேணும்ல" என்பார்கள். சரியான பேச்சு. ஆனால் நீட் கிடைக்கவில்லை என்று இரண்டு மூன்று வருடம் திரும்பத் திரும்ப எழுத வைத்து, கடைசியில் எதிலும் சேராமல் போகும் பெண்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். ஒரு முறை திரும்ப எழுதலாம். அதற்கு மேல் என்றால், மருந்தியல், ஆய்வகத் தொழில்நுட்பம், கதிரியக்கப் படிமம் என்று நீட் இல்லாத படிப்புகளைப் பாருங்கள்.

பெண்களுக்கான மார்க்கக் கல்வியான ஆலிமா படிப்பை அறிவியலுக்கு எதிர்க்கட்சியாக வைத்துப் பேசுவது எனக்கு ஏற்புடையது இல்லை. மார்க்கக் கல்வி பெண்ணின் உரிமை. கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் கடமை என்ற நபிமொழியைச் சொல்லாத ஜும்ஆ மேடை இல்லை. ஆனால் பத்தாவதோடு பள்ளியை நிறுத்தி பெண்களுக்கான முழுநேர நிஸ்வான் மதரஸாவில் சேர்த்தால், பிளஸ் டூ அறிவியலைப் பிறகு தனியாக எழுதுவது மிகவும் கடினம். செய்முறைத் தேர்வு இருக்கிறதே. கல்லூரி படித்துக்கொண்டே மாலையிலும் விடுமுறையிலும் மார்க்கக் கல்வியைத் தொடரலாம். ஆய்வகத்தை அப்படி மாலையில் தொடர முடியாது. அதனால்தான் வரிசையை மாற்றச் சொல்கிறேன்.

ஒரே இடத்தை வைத்து ஒப்பிட்டால்

இந்தப் படிப்புகள் எங்கே கொண்டுபோய்விடும் என்று புரிய ஓர் உதாரணம். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். காயல்பட்டினத்திலிருந்து திருச்செந்தூரைத் தாண்டினால் வந்துவிடும் ஊர். நெல்லை மாவட்டம் மகேந்திரகிரியில் உந்துவிசை வளாகம் ஏற்கனவே இயங்குகிறது. இஸ்ரோவின் ஆள்சேர்ப்பில் முதல் வகுப்பு டிப்ளமோவுக்குத் தொழில்நுட்ப உதவியாளர் பணி, முதல் வகுப்பு பி.எஸ்சி.க்கு அறிவியல் உதவியாளர் பணி, 65 சதவீதத்துக்கு மேல் வாங்கிய பி.இ.க்கு விஞ்ஞானி/பொறியாளர் பணி. மேலே சொன்ன மூன்று வழிகளுக்கும் ஒரே வளாகத்தில் இடம் இருக்கிறது. "இதெல்லாம் படிச்சு நம்ம ஊர்ல என்ன வேலை?" என்று கேட்கும் மாமாக்களுக்குச் சொல்லுங்கள்.

உடை பற்றி

ஹிஜாபோடு ஆய்வகத்தில் வேலை செய்ய முடியுமா என்று உம்மாக்கள் தனியாக அழைத்துக் கேட்பார்கள். முடியும். பர்தாவின் தொங்கும் பகுதி பன்சன் சுடருக்கும் கடைசல் இயந்திரத்துக்கும் பக்கத்தில் ஆபத்து. அதனால் தலைத்துணியின் நுனிகளை ஆய்வக மேலங்கிக்குள் செருகிக்கொள்ள வேண்டும், கை மடிப்பு மணிக்கட்டோடு நிற்க வேண்டும். துணி பருத்தியாக இருக்கட்டும். பாலியஸ்டர் சூடு பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். நீட், ஜேஇஇ போன்ற தேர்வுகளுக்கு ஹிஜாப் அணிந்து போகலாம், சோதனைக்காகச் சீக்கிரமே மையத்துக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான். விடுதியில் தொழுகைக்கு இடம், நோன்பு மாதத்தில் விடியலுக்கு முன் சஹர் சாப்பாடு, இவற்றை வார்டனிடம் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். கேட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்கிறார்கள்.

பணமும் கல்யாணமும்

அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லாதபோது, அவருடைய சகோதரி ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். ராமேசுவரத்துக் கடற்கரையில் ஒரு ராத்தாவின் நகையில் ஒரு தம்பி விஞ்ஞானியானார். இன்றைக்கு நம் வீடுகளில் ராத்தாவுக்கென்று சேர்க்கும் நகையில் ஒரு பங்கு, அவளுடைய படிப்புக்கே போகட்டும் என்று கேட்கிறேன்.

கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம் முடிப்போம். அதற்கு ஆகும் தொகையின் பக்கத்தில் நான்கு வருட விடுதிச் செலவை எழுதிப் பாருங்கள். இன்னொன்றும் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகும் பெண் தன் தாய்வீட்டில், உம்மாவின் பக்கத்தில்தான் இருக்கிறாள். மாமியார் வீட்டுக்குப் போகும் வழக்கம் உள்ள ஊர்களைவிட, கல்யாணத்துக்குப் பின் படிப்பைத் தொடர நம் ஊர்ப் பெண்ணுக்குத்தான் வசதி அதிகம். நாம்தான் அந்த வசதியைப் பயன்படுத்துவதில்லை.

படிப்பு முடிவதற்குள் நிக்காஹ் என்று முடிவானால், படிப்பைத் தொடர்வது பற்றி நிக்காஹ்வுக்கு முன்பே மாப்பிள்ளை வீட்டாரிடம் ஜமாஅத் பெரியவர்கள் முன்னிலையில் பேசி, எழுத்தில் வாங்குங்கள். நிக்காஹ்வின் நிபந்தனைகளே நிறைவேற்றப்பட மிகவும் தகுதியானவை என்று நபிமொழி இருக்கிறது. பெண்ணுக்கு மாப்பிள்ளை தரும் மஹரைப் பேச வெட்கப்படாத நாம் இதைப் பேச ஏன் தயங்க வேண்டும்?

உதவித்தொகைகளைப் பொறுத்தவரை, ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஃபெலோஷிப்பை 2022இல் ஒன்றிய அரசு நிறுத்தியது பெரிய இழப்பு. இருப்பதை விட்டுவிடாதீர்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயின் பிரகதி உதவித்தொகை பி.இ., டிப்ளமோ படிக்கும் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். பன்னிரண்டாம் வகுப்பில் உச்ச மதிப்பெண் பெற்று அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு இன்ஸ்பயர் திட்டத்தில் ஆண்டுக்கு 80,000 ரூபாய். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். நம் சமூகம் நடத்தும் பள்ளிகளில் பல அரசு உதவி பெறும் பள்ளிகள், அவற்றில் படித்தவர்களுக்கு இந்த 7.5 கிடையாது. ஆனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2024 டிசம்பர் முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் வந்துவிட்டது.

இதற்கெல்லாம் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ், மகளின் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு ஆகியவை வேண்டும். எல்லாவற்றிலும் பெயரின் எழுத்தும் இனிஷியலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். பாத்திமா ஒன்றில் 'எஃப்'பில் தொடங்கி இன்னொன்றில் 'பி'யில் தொடங்கினால் விண்ணப்பம் நின்றுவிடும். வாப்பா வெளிநாட்டில் இருந்தால் கையெழுத்துக்கும் வருமான விவரத்துக்கும் நாள் பிடிக்கும். பொதுத் தேர்வு முடிந்து ரிசல்ட் வருவதற்குள் இருக்கும் வாரங்களில் இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். மகளையும் கூட அழைத்துப் போங்கள்.